வாசகசாலைக்கு ஒரு மின்னூற் கருவி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது வாசகசாலைக்கு மின்னூல் வாசிக்கும் கருவி வாங்கலாமா என்று வாலிபர்கள் கேட்கின்றனர். வாங்குமுன், அதை விற்றவர்கள் யாரை எண்ணி விற்றார்கள் என்று பார்ப்பது நன்று.

2007 நவம்பரில் அமெரிக்காவின் அமேசான் நிறுவனத்தார் 'கிண்டில்' என்னும் கருவியை 399 டாலருக்கு வெளியிட்டனர். ஐந்தரை மணி நேரத்தில் கையிருப்பு தீர்ந்தது. அவ்வளவு விலை கொடுப்பவர் புத்தகமின்றி உறங்காதவராகத்தான் இருப்பார். அவருக்குச் சொன்ன செய்தியும் அதற்கேற்றதே: இருநூறு புத்தகங்களைக் கையிலடக்கலாம், காகிதம் போலவே கண்ணுக்கு இதமாயிருக்கும். பொய்யல்ல. அத்திரை பக்கம் மாறும்போதுதான் பெரும்பாலும் மின்சாரம் கொள்ளும். வெயிலிலும் எழுத்து மங்காது.

ஆனால் அத்தகையோர் எந்நாட்டிலும் சிலரே. ஆகவே 2010 இல் விலை 139 டாலராக இறங்கியது. அவ்வருட விளம்பரமொன்றில், நீச்சற் குளத்தருகே ஒரு பெண் வெயிலில் சுகமாக வாசிக்கிறாள். பக்கத்திலிருப்பவனோ தன் கருவியில் எழுத்துத் தெரியாமல் திண்டாடுகிறான். தன் கறுப்புக் கண்ணாடி இதைவிட விலை அதிகம் என்கிறாள் அவள். நூலின் பெருமை பற்றி ஒரு வார்த்தையில்லை! 2011 இல், திரையில் விளம்பரம் காட்டும் கருவி 79 டாலருக்கே வந்தது. அப்படியும், எப்போதாவது வாசிப்பவர் பலர் கைத்தொலைபேசியே போதுமென்று இருந்துவிட்டனர்.

இவ்வித்தையில் பழைய சென்னைப் பதிப்பாளர் கெட்டிக்காரர். பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்றார் 'பெரிய எழுத்து' என்று தலைப்பிலேயே அச்சிட்டு, நல்லதங்காள் கதையையும் அல்லி அரசாணி மாலையையும் விற்றனர். எழுத்துக்கூட்டி வாசிப்பவனுக்கு அவ்விரு சொற்களே அழைப்பு. கதையோ அவன் முன்பே காதாரக் கேட்டது. லயத்தில் ஒருவர் இராகமிட்டு வாசிக்கப் பத்துப்பேர் சூழ்ந்து கேட்டார்கள். ஒரு புத்தகம், பத்து வாசகர். இந்தக் கணக்கு எந்தக் கம்பெனி ஏட்டிலும் ஏறாது.

தமிழ் நூலுக்குக் கிண்டிலில் இடம் கிடைத்தது 2016 இறுதியிலேதான். அதற்கு வெகு முன்பே, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தினர் திருமுறைகள் முதலியவற்றை இலவசமாக வழங்கினர். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டத்தினர் இலங்கைத் தமிழ் ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து வைக்கின்றனர். மலையக வெளியீடுகளும் அங்கே உண்டு. ஆயின் கடைக்காரர் சொல்லாத சங்கதி ஒன்று. மதுரைத் திட்டத்து நூலில் எழுத்தை வேண்டியவாறு பெரிதாக்கலாம், வரி தானே மடங்கிக்கொள்ளும். படம்பிடித்த பக்கமோ ஆறங்குலத் திரையில் எறும்பு ஊர்வதுபோலத் தெரியும். அதற்குக் கணினியே தக்கது.

அதற்காகப் படம்பிடித்த ஏடு வேண்டாமென்போமா? 2014 அக்டோபர் 29 காலை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. போன உயிர்களுக்கு ஈடில்லை. பெட்டியில் வைத்திருந்த ஏடும் படமும் பத்திரமும் அவற்றோடு மண்ணுக்குள் போயின. இன்று எவர் வீட்டிலேனும் பழைய மலர்கள், கோயில் நோட்டீசுகள் மிஞ்சியிருந்தால், அவற்றைப் படம்பிடித்து நூலகத்துக்கு அனுப்பும் பொறுப்பை வாலிபர்கள் ஏற்கவேண்டும். இது கருவி வாங்குவதற்கும் முந்திய வேலை.

கருவி ஒன்றே போதும். நாடோறும் வாசிக்கும் இரண்டு மூன்று பேருக்காக அன்று. அவர்கள் எப்படியும் தேடி வாசித்துக்கொள்வார்கள். கொழுந்தெடுத்துக் களைத்து வரும் தாய்மார்களுக்காக வாங்குவோம். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கட்டும்; அடுத்த வாரம் கேட்டவரில் ஒருவர் வாசிக்கட்டும். முதல் நூல் திருவாசகமே என்கின்றனர் வாலிபர். தாய்மார்களோ நல்லதங்காளைத்தான் கேட்பார்கள் என்று எண்ணுகிறோம். அவர்கள் கேட்பதையே கொடுப்போம். மின்னூலாகக் கிடைக்காவிடில், பழைய பெரிய எழுத்துப் பிரதி ஒன்றைத் தேடிப்பிடித்து நமது பிள்ளைகள் தட்டச்சுச் செய்து தரட்டும்.