திரும்பி வருவதற்கான அனுமதி

(அம்பத்தூரில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



‘விடாமுயற்சி’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். யார் சொல்கிறார்கள், யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் தன்னம்பிக்கைப் புத்தகங்களை அடுக்கி வைத்து விற்கிறார்கள். மனசு வைத்தால் மலையும் நகரும் என்கிறது புத்தகம். சரி, நகரலேன்னா? அப்ப நீ மனசு வைக்கல, தப்பு உம்மேலதான். போன பிறவியில் நீ செய்த பாவம் என்று நம் பாட்டனிடம் சொன்னார்கள். இந்தப் பிறவியில் உனக்கு மனவலிமை போதவில்லை என்று நம்மிடம் சொல்கிறார்கள். பழைய கர்மவினைக்குப் புதுச் சட்டை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் விடாமுயற்சி என்று ஒன்றே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. அது எதனால் ஆனது என்பதுதான் கேள்வி. பாபாசாகேபின் வாழ்க்கையிலிருந்து ஒரு பத்து வருஷத்தை மட்டும், 1917லிருந்து 1927 வரைக்கும், எடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அவர் படித்த பட்டங்களை வரிசையாக மேடையில் ஒப்பிக்கிறோம், கைதட்டுகிறோம். அந்தப் பட்டங்களுக்கு நடுவில் இருந்த ஓட்டைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கொடுத்த உதவித்தொகையில் அமெரிக்கா போகிறார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1915இல் எம்.ஏ. முடிக்கிறார். 1916இல் லண்டன். ஒரு பக்கம் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், இன்னொரு பக்கம் கிரேஸ் இன்னில் சட்டப் படிப்பு. இரண்டும் பாதியில் இருக்கும்போதே, 1917இல், உதவித்தொகை தீர்ந்துபோகிறது. ஒப்பந்தப்படி பரோடாவுக்குப் போய் வேலை செய்தாக வேண்டும். அப்போது அவருக்கு வயசு 26. நம்ம தெரு பாஷையில சொன்னா, ‘நின்னுட்டாரு’.

கிளம்புவதற்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்தார். பேராசிரியர் எட்வின் கேனன் உதவியோடு லண்டன் பல்கலைக்கழகத்திடம் ஓர் அனுமதி வாங்கினார். 1917 அக்டோபரிலிருந்து நான்கு வருஷத்துக்குள் திரும்பி வந்தால், விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடரலாம் என்று. திரும்பி வர டிக்கெட்டுக்குக் காசு எங்கிருந்து வரும் என்று தெரியாது. உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. தனியாகக் கப்பலில் அனுப்பிய அவருடைய புத்தகங்கள் கடலோடு போயின. ஆனால் நான்கு வருஷம் என்கிற கெடு கையில் இருந்தது. இந்த அனுமதியைத்தான் நான் விடாமுயற்சி என்று சொல்வேன்.

பரோடாவில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதியில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து துரத்தினார்கள். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார். பம்பாய்க்குத் திரும்பி டியூஷன் எடுத்தார். பங்குச் சந்தை ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்று ஆரம்பித்தார். சாதி தெரிந்ததும் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. அங்கேயும் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது என்று உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அந்தச் சம்பளத்தில் குடும்பம் போக மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகராஜ் கொஞ்சம் உதவினார். நவல் பத்தேனா என்கிற பார்சி நண்பர் 5000 ரூபாய் கடன் கொடுத்தார். 1920இல் லண்டன் போய்ச் சேர்ந்தபோது கெடு முடிய ஏறக்குறைய ஒரு வருஷம் பாக்கி.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நடுவில் இருந்த அந்த மூன்று வருஷமும் அவர் சும்மா இருக்கவில்லை. 1919 ஜனவரியில் சவுத்பரோ குழு முன்னால் தீண்டப்படாதோருக்குத் தனித் தேர்தல் உரிமை வேண்டும் என்று சாட்சியம் சொன்னார். 1920 ஜனவரி 31இல் ‘மூக்நாயக்’ பத்திரிகையைத் தொடங்கினார். மார்ச்சில் மாண்காவ் மாநாடு, மேயில் நாக்பூர் மாநாடு. இயக்கம் சூடு பிடிக்கிற நேரம் அது. அப்போதுதான் பத்திரிகையை மற்றவர்கள் கையில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். ‘மூக்நாயக்’ 1923இல் நின்றுபோனது.

இயக்கமா, படிப்பா என்று இங்கே அடிக்கடி சண்டை வருகிறது. பரீட்சைக்குப் படிக்கிற தோழரைப் பார்த்து ‘செட்டிலாகப் போறான்’ என்று கிண்டல் பண்ணுகிறோம். கூட்டத்துக்கு வராத மூணு மாசத்தை துரோகம் என்கிறோம். இந்தக் கிண்டலை 1920இல் பாபாசாகேபிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு பத்திரிகை போனது உண்மைதான், அது இழப்புதான். அதைத் தெரிந்துதான் அவர் போனார் என்று நினைக்கிறேன்.

லண்டனில் காலையில் ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் மீன், டீ. ராத்திரி பசித்தால் அப்பளம். நாளெல்லாம் பிரிட்டிஷ் மியூசியம் நூலகம். 1921இல் எம்.எஸ்ஸி. 1922இல் ‘ரூபாயின் பிரச்சினை’ ஆய்வேட்டைக் கொடுத்தார். திருத்தி எழுதச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். பிரிட்டிஷ் அரசின் நாணயக் கொள்கையை அதில் அவர் அவ்வளவு கடுமையாக விமர்சித்திருந்தார். கையில் காசில்லாமல் 1923இல் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பி, அதே வருஷம் டி.எஸ்ஸி. வாங்கினார். (ரிசர்வ் வங்கியை அவர்தான் ஆரம்பித்தார் என்று நம் ஆட்கள் மேடையில் அடித்துவிடுவார்கள். அது மிகை. 1925இல் ராயல் கமிஷன் முன்னால் நாணயம் பற்றிச் சாட்சியம் சொன்னார். அந்தக் கமிஷன் பரிந்துரைத்த மைய வங்கிதான் பிறகு 1935இல் வந்தது. உண்மையே போதுமான அளவுக்குப் பெரிசாக இருக்கிறது.)

கொலம்பியா பிஎச்.டி. கதை இன்னும் நீளம். ஆய்வேட்டை அச்சிட்டுப் பிரதிகளை ஒப்படைத்தால்தான் பட்டம் என்பது விதி. அந்தப் புத்தகம் அச்சாகி வந்தது 1925இல். பட்டம் வந்தது 1927இல். அதே 1927 மார்ச்சில்தான் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்.

நம்ம ஊருக்கு வருவோம். ரெட்டைமலை சீனிவாசனை எடுத்துக்கொள்ளுங்கள். 1893இல் ‘பறையன்’ இதழ் நடத்தியவர், 1900இல் நாட்டை விட்டுப் போய் ஏறக்குறைய இருபது வருஷம் ஆப்பிரிக்காவில் இருந்தார். முடிந்துபோன மனிதர் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். 1923இல் சென்னை சட்டசபை உறுப்பினர். 1930இல் வட்டமேஜை மாநாட்டில் அம்பேத்கர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

இந்தப் பக்கம் நம் பிள்ளைகள் எப்படி நிற்கிறார்கள் என்று பாருங்கள். 1964இல் வந்த இந்தத் தொழிற்பேட்டை நமக்குச் சோறு போட்டது, மறுக்கவில்லை. ஆனால் பட்டாபிராம் கல்லூரிக்கு ரயிலேற வேண்டிய பையன், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன வாரமே பட்டரவாக்கத்தில் இறங்கி லேத் பட்டறைக்குள் போய்விடுகிறான். ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பதில்லை. ஹால் டிக்கெட் வீட்டில் எங்கேயோ கிடக்கிறது. அரியர் எத்தனை, அதை எத்தனை வருஷத்துக்குள் எழுத வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ‘நின்னுட்டான்’ என்று அம்மா சொல்கிறாள். அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்தது. பத்து வருஷம் கழித்து அவனுக்கே படிக்க ஆசை வரும்போது பல்கலைக்கழகம் கெடு முடிந்துவிட்டது என்கிறது. நின்றது அவன் குற்றமில்லை. வருகிற வழியை எழுதி வாங்காமல் அவனைப் போக விட்டது யார்? கல்லூரியில் ஒருத்தரும் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை.

நான் வங்கிக் கவுன்ட்டரில் உட்காருகிறவன். அங்கே ஒரு நடைமுறை உண்டு. இரண்டு வருஷத்துக்கு மேல் வாடிக்கையாளர் வரவு செலவு எதுவும் செய்யாவிட்டால் கணக்கை இயங்காத கணக்கு என்று ஒதுக்குவோம். பத்து வருஷம் அப்படியே கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் உரியவர் அடையாளத்தோடு வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும். நம் ஜனங்களில் முக்கால்வாசிப் பேர் ‘கணக்கு செத்துப்போச்சு’ என்று நினைத்து வருவதே இல்லை. காசுக்கு இருக்கிற இந்த மரியாதை படிப்புக்கு இல்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

சில இடங்களில் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறார்கள். வங்கி எழுத்தர் தேர்வுக்குப் பொது வயது வரம்பு 28. நமக்கு 33. இந்த ஐந்து வருஷத்தைச் சலுகை என்று கேலி பேசுகிறவர்கள் என் அலுவலகத்திலும் உண்டு. அப்பா படுத்ததும், தங்கச்சி கல்யாணமும், மூணு வருஷம் லேத்தில் நின்றதும் அந்த ஐந்துக்குள்தான் இருக்கின்றன. 1917இல் ஒரு மனிதருக்குக் கிடைத்த நான்கு வருஷம் மாதிரிதான் இதுவும். அவருக்குக் கேனன் இருந்தார், மன்னர் இருந்தார், பத்தேனா இருந்தார். நமக்குச் சட்டம் இருக்கிறது. அந்த 33க்குள் எழுதாமல் விட்டுவிட்டு, பிறகு சட்டத்தைப் பற்றி மேடையில் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கடைசியாக, நம் கூட்டங்களில் வேகமாகத் தாண்டிப்போகிற ஒரு பெயர். ரமாபாய். லண்டனில் பாபாசாகேப் அப்பளம் தின்றதைச் சொல்கிறோமே, பம்பாய் வீட்டில் என்ன சமைத்தார்கள்? ஐந்து பிள்ளைகளில் நான்கு பேர் சின்ன வயசிலேயே இறந்துபோனார்கள். யஷ்வந்த் மட்டும்தான் மிஞ்சினார். 1935இல் ரமாபாயும் இறந்துபோனார். 1940இல் வந்த பாகிஸ்தான் பற்றிய நூலை அவர் நினைவுக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறார். அந்தப் பத்து வருஷத்து விடாமுயற்சியில் பாதி ரமாபாயுடையது. அதற்குப் பட்டம் எதுவும் வரவில்லை.

இங்கே உட்கார்ந்து படிக்கிற தம்பிகளில் பல பேருடைய கோச்சிங் பணம், எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிற அக்கா கொடுக்கிறது. அவங்க பிளஸ் டூவோடு நின்னவங்க. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். வர்ற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மார்க் ஷீட், டி.சி., அரியர் விவரம், சாதிச் சான்றிதழ், இருக்கிற காகிதமெல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க. எந்தப் படிப்புக்கு இன்னும் கெடு இருக்கு, எது முடிஞ்சுபோச்சு, முடிஞ்சதுக்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல என்ன வழின்னு ஒவ்வொண்ணா எழுதிடலாம். வரும்போது அக்காவோட மார்க் ஷீட்டையும் கொண்டுவாங்க. அக்காவையும் கூட்டிக்கிட்டு வாங்க. ஞாயிறு ஓவர்டைம் இருந்தா சாயந்திரம் ஆறு மணிக்கு வரச் சொல்லுங்க, நான் இருக்கேன்.