நேர்முகத் தேர்வு நீளும்போது நாம் என்ன செய்யலாம்?

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டத்தில் ஒரு குழுவின் ஊக்குநர் ஒரு கேள்வி கேட்டார். அவர்கள் குழுவில் ஒரு அம்மாவின் மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறாள். சென்னையில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்கு நாலு தடவை போய் வந்துவிட்டாள். துணைக்கு அம்மாவும் போனார். ஒரு தடவை போய் வர இரண்டு பேருக்கு பஸ், சாப்பாடு, ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். நாலு தடவைக்கு 7,200 ரூபாய். அதில் 5,000 ரூபாய் குழுவில் வாங்கிய உள்கடன். அம்மாவுக்கு நாலு நாள் கூலியும் போச்சு. கடைசிச் சுற்று முடிந்து 40 நாள் ஆகியும் கம்பெனியில் இருந்து பதில் இல்லை. "கிணத்துல போட்ட கல்லா இருக்கு" என்றார் அந்த அம்மா. இப்போது இன்னொரு கம்பெனியில் கூப்பிட்டிருக்கிறார்கள். மறுபடியும் கடன் கேட்கிறார். குழுவில் பாதிப்பேர் கொடுக்கலாம் என்கிறார்கள். பாதிப்பேர், "முதல்ல வேலை கிடைக்கட்டும், அப்புறம் பார்ப்போம்" என்கிறார்கள்.

இது ஒரு குழுவின் பிரச்சினை மட்டும் இல்லை. நம் வீடுகளில் முதல் தடவையாகப் பட்டம் வாங்கிய பெண்கள் நிறைய இருக்கிறார்கள். அதனால் இன்றைக்கு இதைப் பற்றியே பேசுவோம்.

ஏன் இத்தனை சுற்று?

முன்பெல்லாம் கடிதம் வரும், போனால் நாலு கேள்வி கேட்பார்கள், அன்றைக்கே தெரிந்துவிடும். இப்போது தனியார் கம்பெனிகளில் அப்படி இல்லை. முதலில் கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு. கணக்கு, யோசித்துச் சொல்லும் கேள்விகள், ஆங்கிலம் இருக்கும். அடுத்து சில இடங்களில் எட்டுப் பத்துப் பேரை உட்கார வைத்து ஒரு விஷயத்தைப் பேசச் சொல்வார்கள். அதற்கு குழு விவாதம் என்று பெயர். பிறகு படிப்பு சம்பந்தமான கேள்விகள். பிறகு ஆள் எடுக்கும் பிரிவு அதிகாரி சம்பளம், ஷிப்ட், எங்கே தங்குவாய் என்று கேட்பார். கடைசியில் சான்றிதழ் சரிபார்ப்பு. சில இடங்களில் மருத்துவப் பரிசோதனையும் உண்டு.

ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் ஒரு வாரமும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். பெண்பிள்ளைகளை அதிகம் சோர வைப்பது அந்தக் காத்திருப்புதான். கேள்விக்குப் பதில் சொல்ல அவளுக்குத் தெரியும். பதில் வராத நாட்களை எப்படிக் கழிப்பது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நாம் உதவி செய்ய வேண்டிய இடம் அதுதான்.

நாமும் தேறி வந்தவர்கள்தான்

"இன்டர்வியூவைப் பத்தி எங்களுக்கு என்ன தெரியும்?" என்று நினைக்க வேண்டாம். குழு ஆரம்பித்ததும் வங்கி நமக்குக் கடன் கொடுத்ததா? ஆறு மாதம் கூட்டம் நடத்தச் சொன்னார்கள். சேமிப்பு, உள்கடன், வருகைப் பதிவு, தீர்மான நோட்டு எல்லாம் பார்த்தார்கள். பிறகு தரமதிப்பீட்டுக்கு அதிகாரி வந்தார். ஊக்குநரை மட்டும் கேட்காமல், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த உறுப்பினரை எழுப்பி, "உங்க குழு சேமிப்பு எவ்வளவு? யார் யாருக்குக் கடன் கொடுத்திருக்கீங்க?" என்று கேட்டார். அதற்கு அப்புறமும் "அடுத்த வாரம் வாங்க, மேனேஜர் இல்லை" என்று எத்தனை தடவை நடந்தோம்!

தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் குழுக்கள் தொடங்கியபோதும், 1992-ல் நபார்டு வங்கி குழுக்களுக்கு வங்கிக் கடன் இணைப்பைச் சோதனையாக ஆரம்பித்தபோதும், கையெழுத்து போடத் தெரியாத பெண்களை நம்பி வங்கி கடன் கொடுக்குமா என்று கேட்டவர்கள் உண்டு. பெண்கள் நோட்டைச் சரியாக வைத்துக் காட்டினார்கள், கேட்டதற்குப் பதில் சொன்னார்கள், திரும்பத் திரும்பப் போனார்கள். நம் மகள்களுக்கும் இந்த மூன்றும்தான் வேண்டும்.

போவதற்கு முன்

முதலில் சான்றிதழ். மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி என்று பெயரும் இனிஷியலும் மாறி இருந்தால் கடைசிச் சுற்றில் மாட்டிக்கொள்வோம். கூப்பிட்ட பிறகு ஓடுவதை விட, இப்போதே எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அரசு வேலைக்கு முயற்சி செய்பவர்கள் தமிழ் வழியில் படித்ததற்கான சான்றையும் பள்ளி, கல்லூரியில் வாங்கி வையுங்கள். 2010-ம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் முன்னுரிமை உண்டு.

அடுத்தது பேச்சு. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. நம் பிள்ளைகள் பெயர், ஊர், அப்பா பெயர், படிப்பு சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். நாம் சொன்ன அந்தப் பெண், இரண்டு வருடமாக அம்மாவின் குழுவுக்குக் கணக்கு நோட்டு எழுதுகிறாள். 14 பேருடைய சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது. தணிக்கைக்கு வந்தவர் ஒரு ரூபாய் வித்தியாசம் கூட இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். இதை இன்டர்வியூவில் சொன்னாயா என்று கேட்டோம். "அது வேலை இல்லையே அக்கா" என்றாள்.

சகோதரிகளே, அது வேலைதான். கணக்கும் பொறுப்பும் பணத்தைக் கையாளும் நேர்மையும் அதில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை குழுவுக்குக் கணக்கு எழுதுகிறாள், தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறாள், அப்பா கடையில் பில் போடுகிறாள் என்றால், அதையெல்லாம் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் தவறில்லை.

இன்னொன்று, பெண்களிடம் மட்டும் கேட்கும் கேள்விகள் இருக்கின்றன. "கல்யாணம் எப்போ? ஆனா வேலையை விட்டுடுவீங்களா?" என்பார்கள். கோபப்படவும் வேண்டாம், குடும்பக் கதையைச் சொல்லவும் வேண்டாம். "இந்த வேலையில் தொடர்ந்து இருக்கவே வந்திருக்கிறேன்" என்று சொன்னால் போதும். ராத்திரி ஷிப்ட், விடுதி பற்றியும் கேட்பார்கள். அதற்கு அவள் அங்கே உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. சரியா வராதா என்று வீட்டில் முன்னாடியே பேசி முடிவு செய்யுங்கள். நாலு சுற்று முடிந்த பிறகு அப்பா வேண்டாம் என்று சொன்னால், செலவும் வீண், அவள் மனசும் உடையும்.

காத்திருக்கும் நாட்களில்

ஒவ்வொரு சுற்று முடிந்து எழுந்திருக்கும்போதும், "முடிவு எப்போது தெரியும்? யாரிடம் கேட்கலாம்?" என்று அவள் மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். சொன்ன தேதி தாண்டி ஒரு வாரம் ஆனால் ஒரு தடவை போன் செய்யலாம், அல்லது மின்னஞ்சல் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் அந்தக் கம்பெனியை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தை நம்பி மற்ற விண்ணப்பங்களை நிறுத்திவிடக் கூடாது. ஒரே வயலில் மட்டும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்போமா?

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தினமும் "என்னாச்சு? போன் வந்துச்சா?" என்று கேட்காதீர்கள். வந்தால் அவளே சொல்லப் போகிறாள். முதல் சுற்று முடிந்ததுமே தெருவெல்லாம் சொல்லிவிட்டால், கிடைக்காதபோது ஒவ்வொருவருக்கும் அவள் பதில் சொல்ல வேண்டி வரும். "இந்த தடவையும் இல்லேன்னா மாப்பிள்ளை பார்த்துடுவோம்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்தப் பயத்தோடு போகிற பெண்ணால் அங்கே வாய் திறந்து பேச முடியாது.

தேர்வு ஆகவில்லை என்றால் அவள் லாயக்கில்லை என்று அர்த்தம் இல்லை. பத்து இடத்துக்கு நூற்றுக்கணக்கில் வந்தால் நல்லவர்களிலும் பலர் வெளியேதான் நிற்க வேண்டி வரும். எந்தச் சுற்று வரை போனாள், எந்தக் கேள்வியில் தடுமாறினாள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். முதல் கம்பெனியில் முதல் சுற்றோடு திரும்பியவள், அடுத்ததில் மூன்றாம் சுற்று வரை போனால் அது முன்னேற்றம். அவள் சாப்பாடு தூக்கம் இல்லாமல் பல நாள் ஒதுங்கி இருந்தால் சும்மா விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், தேவைப்பட்டால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

குழுக்கடன் கொடுக்கலாமா?

இப்போது அந்த ஊக்குநரின் கேள்விக்கு வருவோம். கொடுக்கலாம் என்பதுதான் எங்கள் கருத்து. வேலை தேடும் செலவும் படிப்புச் செலவு மாதிரிதான். ஆனால் சில நிபந்தனைகள் வேண்டும்.

வரப்போகும் சம்பளத்தை நம்பிக் கடன் கொடுக்கக் கூடாது. இன்றைக்கு அந்த வீட்டுக்கு வருகிற கூலி, பால் காசு இவற்றில் இருந்து தவணை கட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். பழைய கடன் தவணை தவறாமல் வந்துகொண்டிருந்தால், அடுத்தது சின்னத் தொகையாகக் கொடுக்கலாம். வேலை கிடைத்த பிறகுதான் கொடுப்போம் என்றால் அப்போது அந்தக் கடனே தேவைப்படாது.

செலவைக் குறைக்கவும் வழி இருக்கிறது. முதல் சுற்றுகளைப் பல கம்பெனிகள் போனிலேயே நடத்துகின்றன. போனிலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. வீட்டில் சிக்னல் இல்லை, சத்தம் என்றால் கூட்டமைப்பு அலுவலக அறையைக் கொடுப்போம். 2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது அது சாதாரணக் கட்டணப் பேருந்துகளுக்குத்தான், சென்னைக்குப் போகிற வெளியூர் பஸ்ஸுக்கு இல்லை. அதனால் முதலில் நம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாமுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பல கம்பெனிகள் ஒரே இடத்துக்கு வருகின்றன. அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அதே அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இலவசமாக நடக்கிறது.

ஒரு விஷயத்துக்கு மட்டும் குழுப் பணம் ஒரு பைசா கூடப் போகக் கூடாது. வேலை வாங்கித் தர முன்பணம், பயிற்சி டெபாசிட், சீருடைக் கட்டணம் என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். "இன்டர்வியூவில் நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லி வி.ஏ.ஓ. வேலைக்கு லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் பணிகளுக்கான குரூப் 4 தேர்வில் நேர்முகத் தேர்வே கிடையாது. எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, அவ்வளவுதான். இல்லாத இன்டர்வியூவில் அவர் எதைப் பார்த்துக்கொள்வார்? போனில், ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

வேலை கிடைத்தால்

கடிதத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்து போடக் கூடாது. வருடத்துக்கு 2,40,000 என்று போட்டிருந்தால் மாதம் 20,000 கைக்கு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். கம்பெனி கட்டும் பங்கையும் அதிலேயே சேர்த்திருப்பார்கள். வருங்கால வைப்பு நிதி பிடித்தமும் போகும். பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். இத்தனை வருடம் இருந்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தம் இருக்கிறதா, அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்றும் கேளுங்கள். அசலைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது.

இந்த மாதத் தீர்மானம்

ஒவ்வொரு குழுவும் வேலை தேடும் பெண்களின் பெயரை எழுதிக் கொடுங்கள். மகள், மருமகள் மட்டும் இல்லை, வேலைக்குப் போக நினைக்கும் உறுப்பினர்களும் பெயர் கொடுக்கலாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூட்டமைப்பு அலுவலகத்தில் பேச்சுப் பயிற்சி வைப்போம். கேள்வி கேட்பவர்கள் நீங்கள்தான். வங்கி அதிகாரி முன்னால் பேசிப் பழகியவர்கள் நீங்கள், உங்கள் முன்னால் பேசிப் பழகினால் அவர்களுக்கு எங்கே போனாலும் நாக்கு ஒட்டாது.

அந்தப் பெண்ணுக்கு அடுத்த இன்டர்வியூ வருகிற 18-ம் தேதி. இந்த தடவை குழுவின் கணக்கு நோட்டைப் பற்றிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். கிடைக்குமா கிடைக்காதா என்று நமக்குத் தெரியாது. எப்படி ஆனாலும் அவள் திரும்பி வரும்போது முதலில் "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள்.