கண்ணாடி முன் நின்ற சிறுவன்



1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே போர் தீவகத்தை வந்தடைந்தது. வேலணை மக்கள் வீடு வாசல்களை விட்டு இடம்பெயர்ந்தனர். பின்னர் ஊர் திரும்பியோரின் இல்லங்கள் சிலவற்றில், மாலை சூடிய நிழற்படமே தந்தையாகவும் தாயாகவும் நின்றது. அத்தகைய பிள்ளைக்கு ஏற்ற கதை யாது?

பிரித்தானிய எழுத்தாளர் ஜே. கே. ரௌலிங் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்று நினைவுக்கு வருகின்றது. 'ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்' என்னும் பெயருடன் தமிழிலும் அது கிடைக்கின்றது. தீய மந்திரவாதி ஒருவனாற் பெற்றோரை இழந்த ஹாரி, பெரியதாயார் வீட்டில், மாடிப்படிக்குக் கீழுள்ள சிற்றறையிலே வளர்கின்றான். பதினொரு வயதில் மந்திரக் கல்வி பயிலும் பாடசாலை அவனை அழைத்துக்கொள்கின்றது.

மந்திரம் என்றதும் முகஞ்சுளிக்கும் பெரியோரும் உளர். பில்லி, சூனியம் என்னும் அச்சங்களைப் பிள்ளைகள் மனத்தில் விதைக்கலாமா என்பது அவர்தம் கேள்வி. நியாயமான கேள்வியே. ஆயின், விக்கிரமாதித்தன் வேதாளத்தைச் சுமந்த கதையைக் கேட்ட பிள்ளைகள் மாந்திரீகர் ஆகிவிடவில்லை, அஞ்சாமையையே கற்றனர். இந்நூலின் உயிர்நாடியும் மந்திரம் அன்று.

அப்பாடசாலையில் ஓர் அதிசயக் கண்ணாடி உண்டு. நெஞ்சின் ஆழ்ந்த ஆசையை அது காட்டும். அதிலே ஹாரி தன் பெற்றோரைக் காண்கின்றான். அவர்கள் புன்னகை புரிகின்றனர், கையசைக்கின்றனர். இரவுதோறும் உறக்கம் துறந்து அதன் முன்னே போய் அமர்கின்றான். மூன்றாம் இரவில் தலைமையாசிரியர் அவனைக் கண்டு, கண்டிக்காமல், கண்ணாடியின் இயல்பை எடுத்துரைக்கின்றார்: அது அறிவையும் தராது, உண்மையையும் தராது, அதன் முன்னிருந்தே வாழ்வை இழந்தோர் பலர்.

இந்நூலை எழுதிவந்த காலத்தில், அதே 1990ஆம் ஆண்டு டிசம்பரிலே, ஆசிரியை தம் தாயாரை இழந்தார். இப்பகுதியில் ஒலிக்கும் ஏக்கம் எங்கிருந்து பிறந்தது என்பதை விளக்கவும் வேண்டுமோ?

முடிவில், ஹாரியைப் பற்றிய தீயவனின் கைகள் வெந்து போகின்றன. மகனுக்காக உயிரீந்த தாயின் அன்பு அவன் மேனியிலே காப்பாக நின்றதே காரணம். கண்ணாடியில் மட்டும் இருப்பதாக அவன் எண்ணிய தாய், அவனுடனேயே இருந்தாள்!

ஆகவே, படத்தின் முன்னிருந்து எழ மறுக்கும் பிள்ளையிடம், "மறந்துவிடு" என்று கூறுதல் தகாது. மறத்தல் வேறு, எழுந்து நடத்தல் வேறு. இவ்வேறுபாட்டை ஆசிரியர் எத்துணை எடுத்துரைப்பினும், கதையொன்று உணர்த்துமாறு உணர்த்துதல் அரிது. இத்தகைய நூலொன்று வேலணைப் பிள்ளையின் கைக்கு எட்டுமாயின், அதுவும் ஒரு நற்பணியே.