கலாமுக்கு ஏன் ரெண்டாவது சான்ஸ் கிடைக்கல?

செலையூர்ல இருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார்: "நாடே கலாமைக் கொண்டாடுச்சு. அப்புறம் ஏன் அவர் மறுபடி ஜனாதிபதி ஆகல?" இன்னைக்கு அதைப் பேசுவோம்.

இது நம்ம ஏரியா கேள்வி. கலாம் ஏரோநாட்டிக்கல் படிச்சது குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில. 2007-ல நானும் "கலாம் திரும்ப வரணும்"னு வந்த எஸ்.எம்.எஸ்.ஸை எல்லாம் ஃபார்வர்ட் பண்ணின ஆள்தான். அந்த மெசேஜுக்கு எல்லாம் மதிப்பு பூஜ்யம்னு அப்போ எனக்குத் தெரியாது.

ஏன் பூஜ்யம்? ஜனாதிபதியை நாம தேர்ந்தெடுக்கிறது இல்ல. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் ஓட்டுப் போடுறாங்க. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருத்தரோட ஓட்டு மதிப்பு 176. அப்போ எம்.பி. ஓட்டு 708. தாம்பரத்துக்கு ஒரு 176, பல்லாவரத்துக்கு ஒரு 176. நம்ம 234 பேரையும் கூட்டினா 41,184. மொத்த மதிப்போ கிட்டத்தட்ட 11 லட்சம்.

இப்போ 2002-க்குப் போவோம். வாஜ்பாய் அரசு கலாமை நிறுத்துது. காங்கிரஸ் ஆதரவு, சமாஜ்வாதி ஆதரவு. தி.மு.க., அ.தி.மு.க. ரெண்டுமே ஒரே பக்கம்! குஜராத் கலவரம் நடந்த வருஷம் அது. கலாமை எதிர்க்கிறது பெரிய கட்சிகளுக்குச் சுலபமில்ல. இடதுசாரிகள் மட்டும் நேதாஜி படையில இருந்த கேப்டன் லட்சுமியை நிறுத்தினாங்க. அவங்களும் சென்னைக்காரங்கதான், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவங்க. கலாமுக்கு 9,22,884. லட்சுமிக்கு 1,07,366.

அஞ்சு வருஷம் கழிச்சு கலாமோட புகழ் பல மடங்கு ஏறியிருந்துச்சு. ஆனா டெல்லியில ஆட்சி மாறியிருந்துச்சு. 2006-ல ஆதாயம் தரும் பதவி மசோதாவை, மறுபடி யோசிங்கன்னு அவர் திருப்பி அனுப்பினார். ஆளுங்கட்சிக்கு அது ரசிக்கல. காங்கிரஸும் இடதுசாரிகளும் பிரதிபா பாட்டீல் பக்கம் போயிட்டாங்க. ஜெயலலிதா, சந்திரபாபு நாயுடு இருந்த மூணாவது அணி கலாமைக் கேட்டுச்சு. நிச்சயம் ஜெயிக்க முடியும்னா பார்க்கலாம்னார். அந்த நிச்சயம் கிடைக்கல. ஒதுங்கிட்டார். 2012-ல மம்தா மறுபடி அவர் பேரை எடுத்தாங்க. கூட நின்ன முலாயம் சிங் பிரணாப் பக்கம் மாறினதும், கலாம் மறுபடி ஒதுங்கினார்.

இதுல எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. தோற்போம்னு தெரிஞ்சே 87 வயசுல கேப்டன் லட்சுமி நின்னாங்க. கலாம் மட்டும் ஏன் நிச்சயம் கேட்டார்? அன்னைக்கு எனக்குக் கோபமே வந்துச்சு. இப்போ வேற மாதிரி தோணுது. லட்சுமி வேட்பாளரா மட்டும் நின்னாங்க. தோத்தா அவங்க தோல்வி, அவ்வளவுதான். 2007-ல கலாம் நாற்காலியில உட்கார்ந்திருந்த ஜனாதிபதி. அவர் ஒரு அணியோட ஆளா நின்னு தோத்தா, அடி அந்தப் பதவி மேலயும் விழும். ஆனா 2012-ல அவர் பதவியில இல்ல. அப்போ நின்னிருக்கலாம்னு இன்னும் நினைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?

ஒண்ணு மட்டும் தெளிவு. சட்டத்துல மறுபடி நிக்கத் தடையே இல்ல. ஆனா ராஜேந்திர பிரசாத்துக்கு அப்புறம் யாருமே ரெண்டாவது தடவை ஜெயிச்சதில்ல. வேலையை நல்லா செஞ்சீங்களான்னு யாரும் மார்க் போடுறதில்ல. அந்த ஜூலை மாசத்துல எண்ணிக்கை யார் கையில இருக்குங்கிறதுதான் கணக்கு.

அடுத்த தேர்தல் 2027-ல. அதனால முர்மு மறுபடி வருவாரா, வேற யாராவதான்னு யாராச்சும் உங்ககிட்ட ஆரூடம் சொன்னா, அவங்க நல்லவங்களா, பிரபலமானவங்களான்னு கேட்காதீங்க. சட்டசபைகள்ல யாருக்கு எத்தனை சீட்டுன்னு கேளுங்க. 2026-ல தாம்பரத்துக்கு நாம தேர்ந்தெடுக்கிற எம்.எல்.ஏ. கையிலயும் அதுல ஒரு ஓட்டு இருக்கு. ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட ரோடு, தண்ணி பத்திக் கேட்கும்போது, இதையும் ஒரு வார்த்தை கேட்டு வைங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.