சிறுதொழிலும் நிலுவைத் தொகையும்



புனே நகரிலிருந்து ஆளந்திக்குச் செல்லும் சாலையில், நகரின் வடகிழக்கே அமைந்துள்ள பகுதி விஷ்ராந்த்வாடி. விஷ்ராந்தி என்னும் சொல்லுக்கு இளைப்பாறுதல் என்று பொருள். ஆஷாட ஏகாதசிக்குள் பண்டரிபுரம் போய்ச் சேரவேண்டி, ஆளந்தியிலிருந்து ஆண்டுதோறும் புறப்படும் ஞானேசுவரரின் பாதுகைப் பல்லக்கு இவ்வழியாகவே புனேக்குள் வருகிறது. அன்றைய தினம் வீதியின் இருமருங்கிலும் மக்கள் நின்று, யாத்திரிகர்களுக்கு நீரும் உணவும் வழங்குகிறார்கள். மற்ற நாட்களில் அவ்வூர் இளைப்பாறுவதாக நமக்குத் தோன்றவில்லை. மேற்கே 1869ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் கிர்க்கீ வெடிமருந்துத் தொழிற்சாலை. வடக்கே திகி, அதற்கப்பால் போசரித் தொழிற்பேட்டை, பிம்ப்ரி, சிஞ்ச்வட். 1962இல் தோன்றிய மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் நிலத்தைத் திருத்தி, சாலையும் நீரும் மின்சாரமும் அமைத்துக் கொடுத்ததன் பயனாக அவ்வட்டாரத்தில் பெருந்தொழில்கள் பெருகின. பெருந்தொழில் பெருகும் இடத்தில், அதற்குத் திருகாணியும் அச்சும் மூடியும் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளும் பெருகுவது இயல்பு.

கிர்க்கீப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. ஆகவே, நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் தமிழ் நேயர்களுக்கு அயலூர்ச் செய்தியன்று. கோயம்புத்தூரிலோ அம்பத்தூரிலோ ஓசூரிலோ பட்டறை வைத்திருப்பவரும் இதே தொல்லையைத் தம்முடையதாகவே உணர்வார்.

விஷ்ராந்த்வாடியின் சந்து ஒன்றில் கடைசல் பட்டறை ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டு லேத், ஒரு துளையிடும் எந்திரம், ஐந்து ஆட்கள், அவ்வளவே. அப்பட்டறைக்காரருக்கு அரசாங்கம் எவ்வகையில் உதவ முடியும்? இக்கேள்விக்கு நம் நாடு எழுபது ஆண்டுகளாக விடை தேடி வந்திருக்கிறது.

முதலில் வந்த விடை, இடமும் எந்திரமும் கொடுப்பது. 1953-54இல் ஃபோர்டு அறநிறுவனத்தின் நிபுணர் குழு இந்தியாவுக்கு வந்து நம் சிறுதொழில்களைப் பார்வையிட்டது. அதன் யோசனைகளைத் தழுவி 1954இல் சிறுதொழில் வளர்ச்சிக்கெனத் தனி அமைப்பும், 1955இல் தேசியச் சிறுதொழில் கழகமும் நிறுவப்பட்டன. எந்திரத்தைத் தவணை முறையில் கொடுப்பது அக்கழகத்தின் தொடக்க காலப் பணிகளில் முக்கியமானது. அதே 1955இல் பேராசிரியர் தத்தாத்ரேய கோபால் கார்வே தலைமையில் கிராம, சிறுதொழில்களுக்கான குழு அமைந்தது. பிற்காலத்தில் புனே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கியவர் அவர். சென்னை மாநிலத்தில் 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை எழுந்தது. ஆயத்தமாகக் கட்டி முடித்த கொட்டகையை வாடகைக்கு எடுத்து, எந்திரத்தை இறக்கி வேலையைத் தொடங்கலாம் என்பது அக்காலத்தில் பெரிய வசதி.

இரண்டாவது விடை, போட்டியிலிருந்து காப்பது. 1967இல் 47 பொருள்கள் சிறுதொழிலுக்கென்றே ஒதுக்கப்பட்டன. அப்பட்டியல் நாளடைவில் 800ஐத் தாண்டி வளர்ந்தது. பின்னர் படிப்படியாகக் குறைந்து, கடைசியாக எஞ்சிய 20 பொருள்களும் 2015இல் நீக்கப்பட்டன. வளர்ந்துவிட்டால் சலுகை போய்விடும் என்று அஞ்சிப் பலரைச் சிறியவராகவே இருக்கச் செய்தது இவ்வேற்பாடு என்பது நம் கருத்து. மூன்றாவது விடை கடன். 1990இல் சிறுதொழில் வளர்ச்சி வங்கி, 2000இல் அடைமானமில்லாக் கடனுக்கான உத்தரவாத நிதியம், 2015இல் முத்ரா திட்டம் என்று அது விரிந்தது. இவற்றால் விளைந்த நன்மையை நாம் குறைத்துச் சொல்லவில்லை.

எனினும், நம் பட்டறைக்காரர் பணத்துக்கு ஆலாய்ப் பறக்கிறாரே, ஏன்? அவர் செய்த வேலைக்கு உரிய பணம் அவர் கைக்கு வந்து சேராமையே பெரும்பாலும் காரணம். சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய தொழிற்சாலை ஒன்றுக்கு அவர் 5,00,000 ரூபாய்க்கு உருப்படிகள் செய்து அனுப்புகிறார். சரக்கு சேவை வரி 18 விழுக்காடு என்று கொண்டால், அது 90,000 ரூபாய். ஆக, பில் தொகை 5,90,000. அவருக்கு நிற்கும் இலாபம் எட்டு விழுக்காடு, அதாவது 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பணம் ஐந்து மாதம் கழித்து வருகிறது. அதுவரை இரும்புக் கடைக்காரருக்கும் ஆட்களுக்கும் மின்சாரத்துக்கும் கொடுக்க, ஏறத்தாழ ஐந்து லட்சத்தை வங்கியிலிருந்து 12 விழுக்காட்டு வட்டியில் எடுத்தாக வேண்டும். ஐந்து மாத வட்டி 25,000 ரூபாய். நாற்பதாயிரம் இலாபத்தில் மிஞ்சுவது பதினைந்தாயிரமே. வங்கிக்குப் பதிலாக வெளி வட்டிக்கு எடுத்திருந்தால் அதுவும் மிஞ்சாது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பில் போட்டாகிவிட்டது, ஆகவே வரி கட்ட வேண்டிய நாளும் வந்துவிடுகிறது. இரும்பு வாங்கியபோது கட்டிய வரி 45,000 என்றால், அதைக் கழித்துக்கொண்டு, எஞ்சிய 45,000 ரூபாயை அவர் அடுத்த மாதமே அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டும். வாங்கியவர் ஒரு காசும் கொடுக்கவில்லையே என்று சொல்லித் தவணை கேட்க இயலாது. ஒரு பக்கம் கடன் கொடுத்துக் கைதூக்கிவிடும் அரசாங்கமே, மறு பக்கம் வராத பணத்துக்கு வரி வாங்கிக்கொள்கிறது.

இக்குறை அரசாங்கத்துக்குத் தெரியாததன்று. தாமதமான தொகைக்கு வட்டி கொடுக்க வேண்டும் என்று 1993லேயே தனிச் சட்டம் வந்தது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம், அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் முதல் அதை விரிவாக்கிற்று. அதன்படி, உடன்படிக்கை இல்லையேல் 15 நாட்களுக்குள்ளும், உடன்படிக்கை இருந்தால் அதில் கண்ட நாளுக்குள்ளும் பணம் கொடுத்தாக வேண்டும். எவ்வித உடன்படிக்கையும் 45 நாட்களுக்கு மேற்படக் கூடாது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு வட்டி. அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. வங்கி வீதம் ஆறு என்று கொண்டால் வட்டி பதினெட்டு. நாம் மேலே சொன்ன பில்லுக்கு, 45 நாள் போக எஞ்சிய மூன்றரை மாதத்துக்கு முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் சேரும். வங்கிக்கு அவர் கட்டிய வட்டியைவிட அது அதிகம்!

வழக்குக்கென நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. மாநில அரசுகள் அமைத்துள்ள வசதி மன்றத்தில் முறையிடலாம். மன்றம் 90 நாட்களில் தீர்க்க வேண்டும் என்பது சட்டம். தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் வழக்குத் தொடுத்தால், தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முன்னதாகவே கட்டிவிட்டுத்தான் தொடுக்க முடியும். ஏட்டளவில் பார்த்தால், இதைவிட வலுவான துணை வேறு என்ன வேண்டும்?

ஆனால் நம் பட்டறைக்காரர் அம்மன்றத்தின் படியேற மாட்டார். அவருக்கு உள்ள வாடிக்கையாளர்களோ இருவர் அல்லது மூவர். அவர்களில் ஒருவர்மீது முறையிட்டால் நிலுவை வரலாம். அடுத்த மாதத்து ஆர்டர் வராது. கொள்முதல் அலுவலகத்தில் யாரும் கடிந்துகூடப் பேச வேண்டியதில்லை. “இம்மாதம் வேலை குறைவு” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐந்து ஆட்களுக்குச் சனிக்கிழமைதோறும் கூலி கொடுக்க வேண்டியவர் அந்த ஆபத்தை மேற்கொள்வாரா? வாங்குபவருடன் உறவு முறிந்த பிறகே, அதாவது இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை என்ற நிலையிலேயே, பலர் மன்றத்தை நாடுகின்றனர். எளியவன் முன்வந்து முறையிட்டாலன்றி அசையாத சட்டம், மிகவும் தேவைப்படுகிறவனுக்கு உதவாமற் போவதில் வியப்பில்லை.

இவ்விடத்தில் ஜப்பானை நினைவுகூர்வது பயனுடையது. அந்நாடு 1956லேயே, பெரிய நிறுவனங்கள் தம் உள்ஒப்பந்தக்காரர்களுக்குப் பணம் தருவதைத் தாமதிக்கலாகாது என்று சட்டம் செய்தது. பொருளைப் பெற்ற 60 நாட்களுக்குள் பணம். தவறினால் ஆண்டுக்கு 14.6 விழுக்காடு வட்டி. வட்டி நம்முடையதைவிடக் குறைவுதான். வேறுபாடு வேறோரிடத்தில் இருக்கிறது. அங்கே நியாய வாணிப ஆணையம் சிறுதொழிலாளர் வந்து கதவைத் தட்டட்டும் என்று காத்திருப்பதில்லை. ஆண்டுதோறும் வாங்குவோருக்கும் விற்போருக்கும் கேள்வித்தாள்களை அனுப்பி, விவரங்களைத் தானே திரட்டுகிறது. தவறு தென்பட்டால் தானே விசாரிக்கிறது. தவறிழைத்த நிறுவனத்தின் பெயரை வெளியிடுகிறது. 2024 மார்ச்சு மாதத்தில், உலகறிந்த மோட்டார் நிறுவனம் ஒன்று 36 உள்ஒப்பந்தக்காரர்களுக்குச் சேர வேண்டியதில் சுமார் 300 கோடி யென்னைக் குறைத்துக் கொடுத்தது என்று ஆணையம் பகிரங்கமாக அறிவித்தது. இன்னார் காட்டிக்கொடுத்தார் என்று ஒரு பட்டறைக்காரரைத் தனியே சுட்டி வஞ்சம் தீர்க்க அங்கே இடம் குறைவு. நம் மாவட்டத் தொழில் மையங்களும் இப்பணியை ஏன் செய்யலாகாது? கேள்வித்தாள் அனுப்புவதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

நம் நாட்டிலும், முறையீட்டை எதிர்பாராத வழிகள் சில அண்மையில் திறந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று, ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு 2017 முதல் இயங்கும் பில் தள்ளுபடி மேடைகள். பட்டறைக்காரர் தம் பில்லை அங்கே ஏற்றுகிறார். வாங்கிய நிறுவனம் ‘சரி’ என்று ஒப்புக்கொள்கிறது. வங்கிகள் போட்டியிட்டு அதைத் தள்ளுபடி விலைக்கு வாங்கிப் பணத்தை உடனே கொடுக்கின்றன. பிறகு நிறுவனம் பணம் கட்டத் தவறினாலும் வங்கி பட்டறைக்காரரைக் கேட்க முடியாது. முதலில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் இதில் சேர வேண்டும் என்று 2018இல் விதித்தனர். 2024 நவம்பரில் அவ்வரம்பை 250 கோடியாகக் குறைத்தனர். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் சேர்வது வேறு, பில்லை ஒப்புக்கொள்வது வேறு. ஒப்புக்கொள்ளாத பில் அந்த மேடையில் விலை போகாது.

மற்றொன்று வருமான வரியின் வழியாக வந்தது. குறு, சிறுதொழிலுக்குச் சட்டக்கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரையில் செலவாகக் கழித்துக்கொள்ள இயலாது என்று 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் விதித்தது. 2024 ஏப்ரல் முதல் அது நடப்புக்கு வந்தது. முறையிட ஆள் வேண்டியதில்லை. தணிக்கையாளரின் பேனாவே போதும். இதனால், பதிவு செய்யாதவர்களிடம் வாங்குபவர்கள் ஓடிவிடுவார்களோ என்ற அச்சமும் வியாபாரிகளிடையே எழுந்தது. அவ்வச்சம் நியாயமானதே. நடுத்தரத் தொழில்களுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் இந்த நிலுவைப் பாதுகாப்பு இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சட்டத்தின் பெயரில் அவை உண்டு. 45 நாள் விதியில் இல்லை.

அரசாங்கமே பெரிய கொள்முதல்காரர் என்பது தனி விஷயம். மத்திய அரசின் துறைகளும் நிறுவனங்களும் தம் கொள்முதலில் ஒரு பங்கைக் குறு, சிறுதொழில்களிடமிருந்து வாங்க வேண்டும் என்று 2012இல் ஆணை பிறந்தது. 20 விழுக்காடாக இருந்த அப்பங்கு 2018இல் 25 ஆக உயர்ந்தது. எவ்வளவு வாங்கினோம் என்று கணக்குக் காட்டுவதைப்போல், எத்தனை நாளில் பணம் கொடுத்தோம் என்பதையும் ஒவ்வொரு துறையும் மாதந்தோறும் வெளியிட்டால், தனியார் நிறுவனங்களிடம் நாணயம் பேச அரசாங்கத்துக்கு வாய் இருக்கும்.

அதுவரை, பட்டறை நடத்தும் நேயர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவைச் சரக்கு அனுப்புவதற்கு முன்னரே செய்துகொள்ளுங்கள், பதிவுக்குக் கட்டணமில்லை. பதிவு எண்ணைப் பில்லிலும் கொள்முதல் ஆணையிலும் தெரியும்படி குறியுங்கள். சரக்கு இறக்கிய நாளைப் போட்டு, வாங்கியவரின் கையெழுத்தையும் முத்திரையையும் பெறுங்கள். 15 நாட்களுக்குள் அவர் எழுத்து மூலமாக ஆட்சேபம் தெரிவிக்காவிடில், சரக்கை ஒப்புக்கொண்டதாகவே சட்டம் கொள்ளும். இறக்கிய நாளே ஒப்புக்கொண்ட நாள் ஆகும். ‘சரக்கு சரியில்லை’ என்ற பேச்சு ஐந்தாம் மாதத்தில் கிளம்பும்போது, தேதியிட்ட அந்தச் சீட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும்.