தொண்ணூறு விநாடி அறிமுகம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் பேச்சாளன் அல்லன். எர்ணாகுளம் சந்திப்பு நிலையத்தில் பார்சல் ரசீது எழுதும் குமாஸ்தா. என் படிப்பு பத்தாம் வகுப்புடன் நின்றது. அத்தகையவனைக் கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுமாறு நமது செயலாளர் பணித்தபோது, ‘இதென்ன விபரீதம்’ என்றே தோன்றிற்று. ஆயினும், சென்ற ஆறு மாதங்களாக எங்கள் இல்லத்தில் நடந்த காரியம் அவருக்குத் தெரியும். பிள்ளைகளைப் பெற்றோர் பலர் இங்கே இருக்கிறார்கள். உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள் என்றார். அதன்படி சொல்லுகிறேன்.

நம் நாட்டில் கல்லூரியில் இடம் பெறப் பெரும்பாலும் மதிப்பெண்ணே வழி. 2022 முதல் மத்தியப் பல்கலைக் கழகங்களுக்கு ஒரு பொதுத் தேர்வு வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் பொறியியல் படிக்கப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் போதும். பிள்ளையின் முகத்தை எவரும் பார்ப்பதில்லை; குரலைக் கேட்பதில்லை. அமெரிக்காவிலோ வழக்கம் வேறு. அங்கே டஃப்ட்ஸ் என்னும் பல்கலைக் கழகம், 2010-ல் சேரவிருந்த மாணவர்களை நோக்கி, விரும்புவோர் ஒரு நிமிடப் படம் ஒன்றும் அனுப்பலாம் என்றது. விண்ணப்பித்த சுமார் 15,000 பேரில் ஏறக்குறைய 1,000 பேர் அனுப்பினர். ஒரு மாணவர் யானை வடிவில் பறக்கும் பொறி செய்து பறக்கவிட்டுக் காட்டினாராம். யானை அந்தக் கல்லூரியின் சின்னம். 2014-ல் கௌச்சர் என்னும் கல்லூரி ஒருபடி மேலே போய், மதிப்பெண் பட்டியலே வேண்டாம், இரண்டு நிமிடப் படமும் பள்ளியில் செய்த இரண்டு வேலைகளும் போதும் என்று ஒரு வழி திறந்தது. பிரௌன் பல்கலைக் கழகம் 2018-ல், பழைய மாணவர்கள் நடத்தி வந்த நேர்காணலை விட்டுவிட்டு இந்தக் காணொளி அறிமுகத்தை ஏற்றுக்கொண்டது. சிகாகோ பல்கலைக் கழகத்திலும் இரண்டு நிமிட அறிமுகம் உண்டு.

‘ரயில்வே குமாஸ்தாவுக்கு அமெரிக்கா எதற்கு’ என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. நானும் அப்படித்தான் கேட்டேன். 2025-ல் சேர்ந்த வகுப்பு முதல், பிரௌன் பல்கலைக் கழகம் வெளிநாட்டு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும்போதும் பணம் கட்ட வல்லவரா என்று பார்ப்பதில்லை. தேர்ந்தவர்க்குத் தேவையான உதவியையும் தருகிறது. விண்ணப்பிப்போர் நூறு பேரில் ஐந்தாறு பேருக்கே இடம் கிடைக்கும். ‘கேட்பதற்கு உரிமை இருக்கும்போது கேளாமல் இருப்பானேன், அப்பா?’ என்றாள் என் மகள். எனக்குப் பதில் இல்லை.

இனி நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். இத்தகைய விண்ணப்பங்களுக்கு ஆலோசனை கூறும் நிலையம் ஒன்று உண்டு, பெயர் வேண்டாம். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி அங்கே பணம் கட்டினேன். அவர்கள் ஆங்கிலத்தில் நானூறு சொற்களில் ஓர் உரை எழுதித் தந்தார்கள். சிறு வயது முதலே உலகத்துக்குத் தொண்டாற்றும் தாகம் அவளுக்கு இருந்ததாம்! வாடகைக் கோட்டு ஒன்றை அணிவித்து, புத்தக அலமாரி வரைந்த திரைக்கு முன் நிறுத்திப் படம் பிடித்தார்கள். 90 விநாடியில் நானூறு சொற்களை எப்படி அடக்குவது? நிற்காத விரைவு வண்டி சிறு நிலையத்தைக் கடப்பது போல் என் மகள் பேசிக் கடந்தாள். அன்று மாலை அதை வீட்டில் போட்டுப் பார்த்தோம். என் தாயார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, “யாரு பிள்ளை இது? நம்ம பிள்ளை மாதிரி இல்லையே!” என்றார்கள்.

என் மகள் அந்தப் படத்தை அழித்துவிட்டாள். கட்டிய பணம் திரும்பவில்லை என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

அதன்பின் அவள் கேட்டதுதான் என்னைச் சங்கடத்தில் ஆழ்த்தியது. ஆச்சியின் சுளகையும், தாத்தா வைத்திருந்த குத்தூசியையும் காட்டிப் பேசப் போகிறேன் என்றாள். கூடாது என்றேன். ஏன் தடுத்தேன் என்பதை இந்த அவையில் மறைப்பதற்கில்லை. என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து பஜார் ரோட்டில் மூட்டை சுமந்தவர். என் தாயார் முப்பது ஆண்டுகள் பண்டகசாலையில் சுக்கும் மிளகும் புடைத்தவர். பள்ளியில் தகப்பனார் தொழில் என்ன என்று கேட்டபோதெல்லாம் ‘வியாபாரம்’ என்று எழுதி வந்தவன் நான். கடல் கடந்து செல்லும் படத்தில் அந்தச் சுளகு தெரிய வேண்டுமா என்று என் மனம் கூசிற்று. “எனக்குக் கணக்கு வந்ததே அதிலிருந்துதான், அப்பா. அதை விட்டுவிட்டு வேறு எதைச் சொல்வேன்?” என்றாள்.

அவள் சொல்ல நினைத்தது இதுதான். மிளகு வாங்க வருபவர் மூட்டையை அவிழ்ப்பதில்லை. குத்தூசியைச் சாய்வாகச் செலுத்தி, உள்ளிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்ப்பார். மேலே நல்ல சரக்கும் அடியில் உள்ளீடற்ற மிளகும் காம்பும் வைத்துக் கட்டுவோர் உண்டல்லவா? ஒரு லிட்டர் பாத்திரத்தில் அளந்தால் 550 கிராம் நிறுக்கிறதா என்றும் பார்ப்பார். நானூறு மூட்டை இருந்தால் எல்லாவற்றையும் குத்திப் பார்க்க முடியாது. இருபது மூட்டையைப் பார்ப்பது வழக்கம். இருபது என்பது நானூற்றின் வர்க்கமூலம். அப்படியானால் ஏன் வர்க்கமூலம்? பத்து வயதில் அவள் தாத்தாவிடம் இதைக் கேட்டாள், அவருக்குத் தெரியவில்லை. பின்னாளில் அவளுடைய கணித ஆசிரியை, அது கைப்பழக்கத்தில் வந்த விதியே தவிர அதற்கு வலுவான கணித ஆதாரம் இல்லை என்றும், குவியலின் அளவைக் காட்டிலும் எடுக்கும் மாதிரியின் அளவே பெரிதும் முக்கியம் என்றும் விளக்கினாராம். அன்று முதல் அவளுக்குப் புள்ளியியலில் பித்து. இவ்வளவும் எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது, நான் அறியேன்.

பிறகு நான் தடை சொல்லவில்லை. என் தொழில் அறிவும் சிறிது உதவியது. சிறு நிலையத்தில் வண்டி இரண்டு நிமிடமே நிற்கும். எந்தப் பார்சல் முதலில் ஏற வேண்டும், எது அடுத்த வண்டிக்கு நிற்கலாம் என்று முன்னரே அடுக்கி வைக்காவிட்டால் பாதிச் சரக்கு மேடையில் தங்கிவிடும். ஆகையால், பெயரும் மதிப்பெண்ணும் பரிசுகளும் விண்ணப்பத்திலேயே இருப்பதால் அவற்றை விடு என்றேன். நிதானமாகப் பேசினால் 90 விநாடிக்கு ஆங்கிலத்தில் சுமார் இருநூறு சொற்கள்தாம். முழுவதையும் மனப்பாடம் செய்தபோது அவள் கண் மேலே போய்ச் சொல்லைத் தேடியது. ஐந்து குறிப்புகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டபோது கண் நேரே நின்றது. சிறந்த ஒளிப்பதிவு வேண்டுமென்று கல்லூரி கேட்கவில்லை; கைப்பேசி போதும். அரிசி டின்னின் மேல் அதைக் கிடையாகச் சாய்த்து வைத்தோம். ஜன்னல் முகத்துக்கு நேரே இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும்.

ஒலிதான் பெருந்தொல்லை. மட்டாஞ்சேரியில் சந்தடியற்ற நேரம் எது? ஆட்டோ, மீன்காரர், அடுத்த வீட்டுக் குக்கர் என்று ஒன்று மாற்றி ஒன்று. மூன்று நாள் காலையில் பதினேழு முறை எடுத்தோம். குத்தூசிக்கும் சுளகுக்கும் ஆங்கிலப் பெயர் தேடாமல், கையில் எடுத்துக் காட்டித் தமிழிலேயே சொன்னாள். அது எனக்கு மிகவும் பிடித்தது.

பதினேழாவது நன்றாக அமைந்தது. அனுப்புவதற்குமுன் என் தாயாருக்குக் காட்டினாள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. கடைசிவரை பார்த்தார்கள். “எல்லாஞ் சரி. சுளகைத் தலைகீழாப் பிடிச்சிருக்காளே! இப்படிப் பிடிச்சா மிளகெல்லாம் மடியில விழும்,” என்றார்கள்.

இன்னும் இரண்டு நாட்கள் இருந்தன. வேறெவருக்கும் தெரியாது, இப்படியே அனுப்பிவிடு என்றேன் நான். பேத்தி கேட்கவில்லை. அன்றிரவு ஆச்சியும் பேத்தியும் கூடத்தில் உட்கார்ந்து ஒரு படி மிளகைப் புடைத்தார்கள். இரவுப் பணி முடிந்து காலையில் நான் வந்தபோது பதினெட்டாவது படம் போய்ச் சேர்ந்திருந்தது. முடிவு மார்ச் இறுதியில் தெரியவரும்.

ஒரு வேண்டுகோள். இது போன்ற படமோ, நேர்காணலுக்குப் பயிற்சியோ வேண்டும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கலாம். சங்க நூலகத்தின் கிழக்கு ஜன்னலோரம் நல்ல வெளிச்சம் வருகிறது. காலை ஏழு மணிவரை சந்தடியும் குறைவு. சாவி தரச் செயலாளர் இசைந்திருக்கிறார். என் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உடனிருந்து உதவுவாள். அரிசி டின் நான் கொண்டுவருகிறேன்.