எப்போது அணைகிறது?

ஓடிக்கொண்டிருக்கும் கணினி திடீரென்று அணைந்தால் சென்னையில் இப்போது ஒரே வைத்தியம்தான். "எஸ்எம்பிஎஸ் போயிடுச்சு, மாத்திடுங்க" என்று போனிலேயே சொல்லிவிடுகிறார்கள். எஸ்எம்பிஎஸ் என்பது கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி. மூடியைக் கழற்றுவதில்லை, மீட்டரைத் தொடுவதில்லை. புது எஸ்எம்பிஎஸ் போட்ட சில நாளில் கணினி மறுபடி அணைகிறது. அடுத்து மதர்போர்டு, அதற்கடுத்து ரேம். இந்தப் பழக்கம் ஒழிந்தாக வேண்டும்.

கொட்டிவாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கடல் பக்கமாக வேலை செய்யும் ஒரு மெக்கானிக் கேட்கிற முதல் கேள்வி வேறு: "எப்போ அணையுது?" பாதி நோய் இந்தப் பதிலிலேயே தெரிந்துவிடுகிறது. பிரிட்ஜ் மோட்டார் எழும்போது அணைந்தால் வீட்டு மின்சாரத்தையோ யூபிஎஸ் பேட்டரியையோ பார்க்க வேண்டும். கால் மணி நேரம் ஓடிவிட்டு அணைந்தால் சூடு. பிராசஸர் மேலிருக்கும் ஹீட்சிங்கில் தூசி அடைத்திருக்கும், அல்லது அதன் அடியிலுள்ள பேஸ்ட் காய்ந்திருக்கும். விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ தொடங்கியதும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம். எப்போது அணைகிறது, அதுதான் முதல் கேள்வி.

அந்தப் பகுதியில் டிடிபி வேலை செய்யும் ஓர் அம்மாவின் கணினி, போட்ட நான்கே விநாடியில் அணைந்தது. எஸ்எம்பிஎஸ்ஸை ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. "நாலு செகண்டா? சரியா சொல்லுங்கம்மா" என்று கேட்டுக்கொண்டே மெக்கானிக் மதர்போர்டிலிருந்து பவர் சுவிட்ச் ஒயரை உருவினார். வெறும் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டார். கணினி எழுந்தது, அணையவே இல்லை. சுவிட்சின் உள்ளே துரு ஏறி, அமுக்கிய பொத்தான் மேலே வராமல் சிக்கிக்கொண்டிருந்தது. பவர் பொத்தானைத் தொடர்ந்து நான்கு விநாடி அமுக்கினால் அணைந்துவிடு என்பது கணினிக்குள்ளேயே இருக்கிற விதி. அது சொன்னதைச் செய்தது. "இதுக்குப் போய் எஸ்எம்பிஎஸ் மாத்துனாங்களே தம்பி" என்று அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

துரு இந்தக் கடலோரத்தின் சொத்து. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீர்த்துவிடும். போர்டு மேல் படிந்த உப்புத் தூசி வெயில் காலப் பகலில் சும்மா கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரமாகி மின்சாரத்தைக் கசியவிடும்.

இப்போது மீட்டர். இந்த உரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து, ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று தீர்ப்பு சொல்லும் வித்தையைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது எழுகிறது என்பதற்கு மட்டும்தான் அந்தச் சோதனை சாட்சி. சுமை இல்லாதபோது பழுதான எஸ்எம்பிஎஸ்ஸும் ஒழுங்காகவே நடந்துகொள்ளும். சுமை ஏற்றி அளக்க வேண்டும். கணினி ஓடும்போதே மீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரிலும் சிவப்பு முனையை மஞ்சள் ஒயரிலும், கனெக்டரின் பின்பக்கமாகச் செருகிவிட்டு, கனமான ஒரு வேலையை ஓடவிட வேண்டும். மஞ்சளில் வர வேண்டியது 12 வோல்ட். ஐந்து சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 11.4-க்குக் கீழே போகக் கூடாது. சும்மா இருக்கையில் 12.1 காட்டி, வேலை ஏற ஏற 11.7, 11.5, 11.3 என்று இறங்கி அணைந்தால் அதற்கு மேல் விசாரணை தேவையில்லை. சாதாரண மீட்டர் கணநேரச் சரிவைப் பிடிக்காது. ஆகவே ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு எழுந்து போகாமல், இறங்கும் போக்கைக் கவனிக்க வேண்டும். மறுபடியும்: சுமை ஏற்றி அளக்க வேண்டும்.

அணைந்த பிறகு விண்டோஸில் 'கெர்னல் பவர் 41' என்ற பதிவைக் காட்டிப் பயமுறுத்துவோரும் உண்டு. முறையாக அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

மதர்போர்டில் கண்ணால் பார்க்கவும் ஒன்று இருக்கிறது: கெப்பாசிட்டர்களின் தலை. தட்டையாக இருந்தால் நல்லது. உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அது செத்தது. 2000-களின் தொடக்கத்தில் தரமற்ற கெப்பாசிட்டர்களால் உலகெங்கும் மதர்போர்டுகள் வீணாயின. 2005-இல் டெல் நிறுவனம் இதற்காக 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

இத்தனையும் பார்த்த பிறகு எஸ்எம்பிஎஸ்தான் என்று உறுதியானால், கணினிப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போகலாம். அங்கே 450 வாட் என்று பெரிதாக அச்சடித்த பெட்டியை நம்பாமல், பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று படிக்க வேண்டும். 18 ஆம்பியர் மட்டும் போட்டிருந்தால், பெருக்கினால் 216 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த மஞ்சள் ஒயரை நம்பித்தான் ஓடுகின்றன.